பந்து கையில், ஆட்டம் காலில்

கொழும்பில் மரத்தளம் போட்ட ஓர் உள்ளரங்கில் நான் ஆடிய முதல் கூடைப்பந்து ஆட்டம் அது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. நான் முதலாம் வருடம். இரண்டாவது கால் பகுதியில் என்னை இறக்கினார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, 'ட்ராவலிங்' (பந்தைக் கையில் வைத்தபடி விதிக்கு மாறாகக் காலை நகர்த்துவது) என்று நடுவர் மூன்று தரம் விசில் ஊதிவிட்டார். மூன்றும் என்மீது. மூன்றாவது தரம் அவர் இரண்டு கை முஷ்டிகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சுழற்றிக் காட்டியபோது, என்ன பிழை செய்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. பாடசாலையில் நான் அணித் தலைவன். மட்டக்களப்பில் அதே அசைவை ஆயிரம் தரம் செய்திருக்கிறேன், யாரும் விசில் ஊதியதில்லை. எங்கள் பயிற்றுவிப்பாளர் சேர் என்னை வெளியே எடுத்தார். மிச்ச ஆட்டம் முழுக்க மாற்று வீரர்களின் வாங்கில் இருந்தேன்.

அன்று இரவு மட்டக்களப்புக்குத் திரும்பும் ரெயிலில் நித்திரை வரவில்லை. எதிரே இருந்த நான்காம் வருட அண்ணா ஒருவர் கச்சான் கடலைப் பையை என்னிடம் நீட்டிக்கொண்டு சொன்னார்: "உன்ட கையில பிழை இல்ல தம்பி. நாளைக்கு ஃபோனை யாரிட்டயாவது குடுத்து உன்ட காலை வீடியோ எடுத்துப் பார்."

இந்தக் கட்டுரையை எழுதுவது, பாடசாலை அணியிலிருந்து பல்கலைக்கழக அணிக்கோ ஒரு கழக அணிக்கோ போகக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக. எனக்கு இப்போது மூன்றாம் வருடம். நான் பெரிய வீரன் அல்ல. ஆனால் முதல் இரண்டு வருடங்களில் பட்ட அடிகள் எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றித்தான் வந்தன. அந்த இடம் கால். அதை யாராவது பதினாறு வயதிலேயே எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நேரம் மிஞ்சியிருக்கும்.

மட்டக்களப்பில் கூடைப்பந்து புதிதாக வந்த ஆட்டம் அல்ல. அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1948இல் இலங்கைக்கு வந்தார். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கி, நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்றாக அந்த அணியைக் கொண்டுவந்தார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தன் ஸ்கூட்டரில் வரும் வழியில், கூட வந்த இளைஞனோடு சேர்த்து அவர் காணாமல் போனார். இன்றுவரை இருவரும் திரும்பவில்லை. நான் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன் நடந்த கதைதான். ஆனால் எங்கள் மாமா அந்தத் தலைமுறை ஆட்களில் ஒருவர். கூடைப்பந்துப் பேச்சு எங்கே தொடங்கினாலும் அவர் 'ஃபாதர்' என்ற சொல்லில்தான் போய் நிற்பார். ஏழாம் வகுப்பில் என்னைக் கையைப் பிடித்துக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான்.

நாங்கள் பழகியது சீமெந்துக் கோர்ட்டில். கோட்டுக்கு அடித்த பெயின்ட் பாதி அழிந்திருக்கும். ஒரு பக்க ரிங் கொஞ்சம் முன்னால் சரிந்திருக்கும். அதற்கு ஏற்றாற்போலப் பந்தை எறியப் பழகிவிட்டோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தத் தரை இல்லாவிட்டால் நான் இந்த ஆட்டத்துக்கே வந்திருக்க மாட்டேன். ஆனால் அந்தத் தரை சில பழக்கங்களையும் தந்தது. சீமெந்தில் மணல் பரந்திருக்கும், சப்பாத்து சற்று வழுக்கும். வழுக்காமல் இருக்கப் புறப்படும்போது ஒரு சின்னத் தாவல் போட்டுப் புறப்படுவோம். எல்லோரும் அப்படித்தான். எங்களுக்குள் விளையாடும்போது அதை யாரும் பிழையாக எண்ணவில்லை.

கொழும்பு நடுவர் ஊதியது அந்தச் சின்னத் தாவலுக்குத்தான்.

விதி மிகத் தெளிவானது. பந்தோடு நின்றுகொண்டிருக்கிறீர்கள். ஒரு காலை ஊன்றி, மற்றக் காலால் எத்தனை தரமும் கிறுகலாம். தட்டிக்கொண்டு புறப்படும்போது, ஊன்றிய கால் தரையை விட்டு எழும்புவதற்கு முன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். பாஸ் கொடுக்கவோ எறியவோ போனால் ஊன்றிய காலைத் தூக்கலாம், ஆனால் அது திரும்பத் தரையில் படுவதற்குள் பந்து கையை விட்டுவிட வேண்டும். பலருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒன்பது வருடம் ஆடிய ஆட்டத்தின் விதிப்புத்தகத்தை ஒரு தரமாவது திறந்து பார்த்திருந்தேனா என்றால், இல்லை. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் ட்ராவலிங் பகுதி இரண்டு பக்கம்கூட வராது. இதை வாசிக்கும் தம்பி தங்கைகள் முதலில் அதைப் படியுங்கள்.

அடுத்த நாள் விடுதிக் கூட்டாளி ஒருவனைக் கூட்டிப்போய், அண்ணா சொன்னபடி வீடியோ எடுத்தோம். ஃபோனைத் தரையில், ஒரு பாட்டா செருப்பில் சாய்த்து வைத்தோம். முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரிகிற மாதிரி. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் என் வலக் கால் முதலில் எழும்புகிறது, பந்து அதற்குப் பிறகுதான் கையை விடுகிறது. பத்துத் தரம் புறப்பட்டால் ஏழு தரம் அப்படி. கண்ணால் பார்த்தால் தெரியாது, உணர்ந்தாலும் தெரியாது. வீடியோவில் மட்டும் தெரிகிறது. முகத்தையும் கையையும் எடுக்கிற வீடியோவை எல்லோரும் வைத்திருக்கிறார்கள். காலை மட்டும் எடுங்கள்.

திருத்துவதற்கு மூன்று மாதம் பிடித்தது. ஒவ்வொரு நாளும் காலையில் பதினைந்து நிமிடம், முதலில் பந்து இல்லாமலேயே. ஊன்றிய காலின் பெருவிரலுக்குக் கீழுள்ள அடிச்சதையில் எடையைப் போட்டு, மற்றக் காலை நீட்டி வைப்பேன். அப்புறம் பந்தோடு: பந்து தரையில் பட்ட சத்தம் கேட்ட பிறகுதான் ஊன்றிய கால் எழும்ப வேண்டும். சத்தம், பிறகு கால். இதை மெல்ல மெல்லச் செய்து பழகினால் போதும். வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது தானாக வரும். அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே வேகம் கூட்டியதால்தான் எனக்கு மூன்று மாதம் ஆனது என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் அணியில் பாதிப் பேர் பாடசாலையில் வலைப்பந்து ஆடிவிட்டு வந்தவர்கள். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பந்தைப் பிடித்து இறங்கிய காலைத் தூக்கித் திரும்ப ஊன்றவும் முடியாது. அதனால் அவர்களுக்கு நின்ற இடத்தில் கால் பிழைப்பது மிகக் குறைவு. எங்கள் ஊர்களில் மகளிர் பாடசாலைகளில் வலைப்பந்துதான் அதிகம், இலங்கை வலைப்பந்து அணிக்கு ஆடிய யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். வலைப்பந்து ஆடி வந்தவர்கள் "எனக்குக் கூடைப்பந்து தெரியாது" என்று தயங்குவதைக் கண்டிருக்கிறேன். தயங்க வேண்டாம். எங்களுக்கு மூன்று மாதம் எடுத்த விசயம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

முதல் வருடம் முழுவதும் நான் வாங்கில்தான். பன்னிரண்டு பேர் அணியில் பத்தாவது ஆளோ பதினோராவது ஆளோ நான். வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது. அம்மா ஃபோனில் "இண்டைக்கு எத்தின போட்டாய் மகன்?" என்று கேட்பார். நான் பேச்சை மாற்றிவிடுவேன். அந்த மாதங்கள் கனமானவை. விட்டுவிடலாம் என்று இரண்டு தரம் முடிவெடுத்தேன். விவசாய பீடத்தில் காலையில் வயல்வேலைப் பயிற்சி இருக்கும், வெயிலில் நின்றுவிட்டு மாலையில் இங்கே வந்து தண்ணீர்ப் போத்தல் தூக்குவதா என்று தோன்றும்.

என்னை மாற்றியது சேர் கேட்ட ஒரு கேள்வி. ஓர் ஆட்டத்தில் மூன்றாவது கால் பகுதி நடந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "தம்பி, அவங்கட ஒன்பதாம் நம்பர் எந்தப் பக்கம் போறான்?"

எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து நிமிடமாகக் கண் முன்னே ஆடிக்கொண்டிருக்கிறவன். நான் பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று முதல் வாங்கில் ஒரு கொப்பியோடு இருந்தேன். எதிரணியில் யார் எத்தனை ஃபௌல், எங்களில் யார் எத்தனை. ஐந்தாவது ஃபௌலோடு ஒருவர் வெளியே போக வேண்டும், ஆகவே மூன்றைத் தொட்டவன் எப்படித் தன் காலைச் சுருக்கிக்கொள்கிறான் என்பது முக்கியம். ஒரு கால் பகுதியில் ஓர் அணி நான்கு ஃபௌல் செய்துவிட்டால், அடுத்த ஃபௌலிலிருந்து எறியாவிட்டாலும் மற்ற அணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறியும் வாய்ப்பு. அந்தக் கணக்கைச் சரியான நேரத்தில் உள்ளே இருக்கிறவர்களுக்குக் கத்திச் சொல்வதும் ஒரு வேலைதான். அப்புறம் ஒவ்வொருவனின் கால். வலக்கைக்காரன் இடப்பக்கம் போகும்போது முதல் அடி சின்னதா பெரிதா, எறிவதற்கு முன் எந்தக் கால் முன்னே வருகிறது. இரண்டு மாதத்தில் சேர் என்னைக் கேட்கத் தொடங்கிவிட்டார். பிறகு ஒரு நாள், "நீதான் அவனைப் பார்த்து வச்சிருக்காய், நீயே போய் மறி" என்று உள்ளே அனுப்பினார்.

எனக்குப் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தது புள்ளி போட்டதால் அல்ல, மறித்ததால். பாடசாலையில் முப்பது புள்ளி போட்டவன் இங்கே வரும்போது, அவனைப் போல முப்பது புள்ளி போட்டவர்கள் இன்னும் எட்டுப் பேர் வருகிறார்கள். எல்லோரும் பந்து கேட்பார்கள். மறிக்கிறேன் என்று கை உயர்த்துகிறவனுக்கு அங்கே போட்டி குறைவு. முதல் வருடத்தில் நிமிடம் வேண்டுமா, எதிரணியின் நல்ல வீரனை மறிக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

மறிப்பதற்கான நிலையைச் சேர் காட்டித்தந்த அன்று எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. கால்களைத் தோளுக்குச் சற்று அகலமாக வைத்து, முழங்காலை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி, குதியில் எடை போடாமல் நிற்க வேண்டும். பக்கவாட்டில் நகரும்போது கால் ஒன்றோடொன்று முட்டக் கூடாது, தலை ஏறி இறங்கவும் கூடாது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். விடுமுறையில் எங்கள் ஊரான கல்லடிக்குப் போனபோது, விடியற்காலை அப்பாவோடு மீன் பிடிக்க மட்டக்களப்பு வாவிக்குப் போனேன். அப்பா தோணியின் முன்பக்கம் ஏறி நின்று வீச்சு வலையைக் கையில் மடித்துப் பிடித்தார். கால் அகலம், முழங்கால் மடிப்பு, தாழ்ந்த இடுப்பு. தோணி ஆடுகிறது, அவருடைய தலை ஆடவில்லை. வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் விழுந்த பிறகும் அவர் அதே நிலையில்தான் நின்றார்.

அந்த விடுமுறை முழுக்க நான் தோணியில் நின்று பழகினேன். முதலில் கரையோரம், இடுப்பளவு தண்ணீரில். பந்து இல்லை, வலையும் இல்லை, சும்மா நிற்பது. தோணி சரியும்போது உடம்பு தானாக எந்தக் காலுக்கு எடையை மாற்றுகிறது என்று கவனிப்பது. இப்படி ஒரு பயிற்சி எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்காது. ஆனால் எனக்கு மறிக்கும் கால் அங்கேதான் வந்தது. வாவிக் கரையில் பிறந்த பிள்ளைகளுக்கு இது வீட்டு வாசலில் கிடக்கிற சொத்து.

இரண்டாம் வருடம் ஆகஸ்ட்டில் கணுக்கால் போனது. ரீபவுண்டுக்கு, அதாவது கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, எழும்பி இறங்கும்போது மற்றவனின் சப்பாத்தின்மேல் என் இடக் கால் இறங்கி உட்பக்கமாகப் புரண்டது. கூடைப்பந்தில் கணுக்கால் போவது பெரும்பாலும் இப்படித்தான். 'கறுக்' என்று ஒரு சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

அன்று இரவே ஒருவர் அன்பாக எண்ணெய் சூடாக்கி நன்றாக உருவிவிட்டார். விடியும்போது கால் இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. சவ்வு கிழிந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் சூடு வைப்பதும் உருவுவதும் உள்ளே இரத்தக் கசிவையும் வீக்கத்தையும் கூட்டும் என்று பிறகுதான் மருத்துவமனையில் சொன்னார்கள். அந்த நாட்களில் செய்ய வேண்டியது வேறு. காலுக்கு வேலை கொடுக்காமல், துணியில் சுற்றிய ஐஸை ஒரு தரத்துக்குப் பதினைந்து இருபது நிமிடம் வைத்து, இழுபடும் பட்டியால் மிதமாகச் சுற்றி, நெஞ்சு மட்டத்துக்கு மேலே காலை உயர்த்தி வைக்க வேண்டும். நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் முட்டி எலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ, எக்ஸ்ரே எடுக்காமல் இருக்கக் கூடாது. எனக்கு எலும்பு தப்பியது.

பிசியோதெரபி அக்கா கொடுத்த பயிற்சிகளை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் பல பேர் வீக்கம் வற்றியதும் நேரே கோர்ட்டுக்கு வந்து மறுபடி அதே காலைப் புரட்டிக்கொள்கிறார்கள். முதலாவது, கதிரையில் இருந்து காலை நீட்டி, பெருவிரலால் காற்றில் எழுத்து எழுதுவது. அவர் ஆங்கில எழுத்தைச் சொன்னார். நான் அ, ஆ, இ, ஈ என்று எழுதினேன். 'ஐ'யும் 'ஔ'வும் வரும்போது கணுக்கால் எல்லாப் பக்கமும் கிறுகுகிறது, ஆங்கில எழுத்தைவிட நல்லது என்றே நம்புகிறேன். உயிரெழுத்து பன்னிரண்டையும் காலை ஒரு தரம், இரவு ஒரு தரம். அடுத்தது, வலி குறைந்த பிறகு, ஒற்றைக் காலில் நிற்பது. பல் துலக்குகிற நேரம் முழுக்க இடக் காலில் நிற்பேன். கண் திறந்து முப்பது விநாடி ஆடாமல் நிற்க வந்ததும், கண்ணை மூடிக்கொண்டு. கண்ணை மூடினால் கணுக்காலே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அதன் பிறகு படியின் விளிம்பில் நின்று குதியை ஏற்றி இறக்குவது, பதினைந்து பதினைந்தாக மூன்று தரம்.

ஒன்பது வாரம் கழித்துத்தான் ஆடினேன். கயிறு கட்டும் கணுக்கால் பட்டி போட்டு ஆடினேன். இன்றும் போட்டுக்கொண்டுதான் ஆடுகிறேன். கால் சுகமான பிறகும் அந்த ஒற்றைக் கால் நிற்பதை விடவில்லை. ஒரு தரம் புரண்ட கணுக்கால் மறுபடி புரளும் வாய்ப்பு அதிகம், சமநிலைப் பயிற்சி அதைக் குறைக்கும்.

சப்பாத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கணுக்கால் போன அன்று நான் போட்டிருந்தது ஓட்டத்துக்கான சப்பாத்து. அதன் குதி உயரம், அடிப்பாகம் மெத்தென்று இருக்கும். நேராக ஓடுவதற்குச் செய்தது அது. பக்கவாட்டில் வெட்டி நகரும்போது கால் அதன் விளிம்பைத் தாண்டிச் சரியும். புதிது வாங்கக் காசு இல்லாவிட்டால், அடி தட்டையாகவும் அகலமாகவும் உள்ள எந்தச் சப்பாத்தும் ஓட்டச் சப்பாத்தைவிடப் பாதுகாப்பு. வாங்கும்போது மாலையில் போய் வாங்குங்கள், அந்த நேரம் கால் சற்று வீங்கியிருக்கும். விளையாடும்போது போடுகிற தடித்த மேஸை, அதாவது காலுறையைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். சீமெந்துக் கோர்ட்டில் மென்மையான ரப்பர் அடி மூன்று நான்கு மாதத்தில் வழுவழுப்பாகிவிடும். முடிந்தால் ஒரு சோடியை உள்ளரங்குக்கென்று ஒதுக்கி, வெளியே அதைப் போடாதீர்கள். மரத்தளத்தில் தூசு பட்டால் அதுவும் வழுக்கும். அதனால்தான் பெரிய வீரர்கள் அடிக்கடி சப்பாத்தின் அடியைக் கையால் துடைக்கிறார்கள். நான் வாங்கின் பக்கத்தில் ஓர் ஈரத்துவாய் விரித்து வைப்பேன்.

மே தொடங்கிக் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வெளிக் கோர்ட்டில் தூரத்திலிருந்து எறிவது வீண். பந்து காற்றில் விலகிப் போகும். அந்த மாதங்களை நாங்கள் போர்டில் அடித்துப் போடும் எறிதலுக்கு வைத்தோம். ரிங்குக்கு 45 பாகை அளவில் நின்று, போர்டில் வரைந்த சதுரத்தின் மேல் மூலையில் அடிப்பது. பந்து கையிலிருந்து போர்டுக்குப் போகிற தூரம் குறைவு, காற்றுக்கு அதைத் தள்ள நேரம் இல்லை. அந்த வெயிலில் வெறும் தண்ணீர் மட்டும் குடித்தாலும் போதாது. ஜீவனி (உப்பும் சர்க்கரையும் கலந்த தூள்) பக்கெட் ஒன்றைக் கரைத்து வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் இளநீரில் ஒரு சிட்டிகை உப்பு. கார்த்திகை மார்கழி மழைக்கு விடுதி நடைபாதையில் பந்து தட்டுவதும் படி ஏறி இறங்குவதும்தான். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஃப்ரீ த்ரோவைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. போர்டிலிருந்து 4.6 மீற்றர், யாரும் மறிப்பதில்லை, ஐந்து விநாடி நேரம். நான் மறிக்கிறவன் என்று பெயர் எடுத்த பிறகும் கடைசி நேரத்தில் என்னை வெளியே எடுத்துவிடுவார்கள், ஏனென்றால் என்னை ஃபௌல் செய்தால் நான் ஃப்ரீ த்ரோவைத் தவறவிடுவேன் என்று எல்லோருக்கும் தெரியும். பயிற்சி முடிந்து கால் களைத்த பிறகு ஐம்பது எறிந்து கொப்பியில் எழுதத் தொடங்கினேன். முதல் வாரம் ஐம்பதில் 27. களைக்காமல் எறிந்தால் 35. அந்த எட்டின் வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், அதுவும் கால்தான். களைத்ததும் நான் முழங்காலை மடிக்காமல் கையால் மட்டும் தள்ளுகிறேன், பந்து ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்புகிறது. களைப்பில் தவறும் எறிதல் பெரும்பாலும் நீளம் குறைந்துதான் தவறும். இப்போது கோட்டில் நின்றதும் மூன்று தரம் தட்டி, ஒரு மூச்சு விட்டு, முழங்காலை வழக்கத்தைவிட ஒரு விரற்கடை அதிகம் மடிக்கிறேன். எட்டு மாதத்தில் களைத்த கணக்கு 38க்கு வந்தது. அவ்வளவுதான் முன்னேற்றம், ஆனால் கடைசி இரண்டு நிமிடத்தில் இப்போது நான் உள்ளே நிற்கிறேன்.

படிப்பு? எங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு ஏறக்குறைய 16 கிலோமீற்றர். செங்கலடி, ஏறாவூர் என்று நின்று நின்று வரும் பஸ்ஸில் போக வர அந்த நேரத்தில் நான் விரிவுரைக் குறிப்பு வாசித்தேன். பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே சேரிடம் நாட்காட்டியைக் கொடுத்துவிடுவேன். கேட்காமல் பயிற்சிக்கு வராமல் நின்றால் கோபப்படுவார், முன்கூட்டியே சொன்னால் ஒரு நாளும் மறுத்ததில்லை. இலங்கையில் கூடைப்பந்தை மட்டும் நம்பி வீடு நடத்துகிறவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை. பட்டத்தை விட்டுவிட்டு ஆடாதீர்கள், ஆட்டத்தை விட்டுவிட்டும் படிக்காதீர்கள் என்றுதான் நான் கேட்டுக்கொள்வேன்.

போன மாதம் நகரத்தில் ஒரு சிறிய சுற்றுப்போட்டி. இரவு ஆட்டம், வெளிச்சம் போட்டிருந்தார்கள். அப்பா முதல் தடவையாக வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே மாமாவுக்குப் பக்கத்தில் நின்றார். இந்த ஆட்டத்தின் விதி ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. பந்து வெளியே போனால் யாருக்கு என்று மாமாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். நான் அன்று ஆறு புள்ளி. எதிரணியின் நல்ல வீரனை நான்தான் மறித்தேன். நான்கு புள்ளியில் வென்றோம்.

வீட்டுக்குப் போகும் வழியில் கல்லடிப் பாலத்தில் அப்பா ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வென்றதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"மனே, வலப்பக்கம் போகக்குள்ள நல்லா நிக்காய். இடப்பக்கம் போகக்குள்ள உன்ட குதி தரையில படுது. அந்தக் கால்தானே நொந்த கால்?"

ஓம் என்றேன். சேர் பார்க்கவில்லை, நான் எடுத்த வீடியோக்களிலும் நான் கவனிக்கவில்லை. அடுத்த நாள் விடிய நாலரைக்கு அவர் வலையைத் தூக்கும் சத்தம் கேட்டது. எழும்பிப் போய் அவரோடு தோணியில் ஏறினேன். இந்தத் தரம் இடக் காலை முன்னே வைத்து நிற்கச் சொன்னார்.